வைவாவுக்கு வந்த சீர்த்தட்டு

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே இயற்பியல் துறை வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில், முகப்பில் சாமந்தி மாலை கட்டிய வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் அப்பா இறங்கினார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. பின்னாலேயே அம்மா. அம்மாவுக்குப் பின்னால் தட்டுகள். ஒன்றில் ஆப்பிளும் சாத்துக்குடியும். ஒன்றில் வெற்றிலை, பாக்கு, தேங்காய். ஒன்றில் பந்து பந்தாகப் பூ. கடைசித் தட்டில் கண்ணாடிக் காகிதம் சுற்றிய பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும்.

வாட்ச்மேன் ஓடிப்போய், கல்யாண மண்டபம் அடுத்த கேட் என்று கையைக் காட்டினார். இல்லை, இங்கேதான் என்று என் தம்பி தனபால் சிரித்துக்கொண்டே சொன்னது மாடிவரைக்கும் கேட்டது.

அன்றைக்கு என்னுடைய பிஎச்.டி. வைவா. பல வருஷம் செய்த ஆராய்ச்சியை வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் விளக்கி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால்தான் பட்டம். இது பப்ளிக் வைவா, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று நான்தான் தனபாலிடம் போனில் சொல்லியிருந்தேன். முடிந்ததும் தேர்வாளருக்குச் சால்வை போர்த்துவோம், எல்லோருக்கும் சாப்பாடு போடுவோம் என்றும் சொல்லி வைத்தேன். ஊரைக் கூட்டி, துணி போர்த்தி, சோறு போட்டால் எங்கள் ஆரணியில் அதற்குப் பெயர் விசேஷம். விசேஷத்துக்கு வெறுங்கையோடு யார் போவார்கள்? அதுவும் பட்டு நெய்கிற வீட்டிலிருந்து கடைச் சால்வையை வாங்கிக்கொண்டு போனால் மானம் போகாதா?

கீழே இறங்கிப்போய் வாங்க என்று கூப்பிட வேண்டியவன் நான். புரொஜெக்டர் வயரைச் சரி பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். வராந்தாவில் ஜூனியர் மாணவர்கள் சிரிப்பது கேட்டது. காது மடல் சுட்டது.

டூப்ளிகேட் பட்டு

வெட்கப்படுவது எனக்குப் புதிதில்லை. தேய்ப்பதால் ஏறும் மின்னூட்டத்தைப் படிக்கிற நிலை மின்னியலுக்குள் நான் வந்து விழுந்ததே ஒரு வெட்கக்கேட்டில்தான்.

பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் ஒரு சோதனை இருக்கும். கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்தால் தண்டில் மின்னூட்டம் ஏறும், காகிதத் துணுக்குகளை அது இழுக்கும். மற்ற ஊர்களில் வாத்தியார்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பட்டுக்கு எங்கே போவது? எங்கள் சார் அப்படி விடவில்லை. நாளைக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொண்டு வாங்கடா என்று சொல்லிவிட்டார். மறுநாள் மேசைமேல் குவிந்த பட்டைப் பார்த்தால் தீபாவளி ஜவுளிக்கடை தோற்றுப்போகும்.

என்னுடைய துண்டுதான் எல்லாவற்றிலும் அழகு. என் பிள்ளை குறைந்துபோகக் கூடாது என்று அம்மா முந்தானைப் பக்கத்துத் துண்டாகப் பார்த்துக் கொடுத்திருந்தாள். அகலமாக ஜரிகை ஓடியிருக்கும். நான் தேய்த்தேன். காகிதம் அசையவில்லை. இன்னும் பலமாகத் தேய்த்தேன். ஊஹூம். பக்கத்து பெஞ்சில் வெறும் கட்டம் போட்ட பட்டு கொண்டுவந்தவனுக்கெல்லாம் காகிதம் துள்ளிக் குதித்து ஒட்டியது.

"இன்னாடா, உங்க வீட்ல நெய்யறது டூப்ளிகேட் பட்டா?" என்றார் சார்.

வகுப்பே சிரித்தது. சார் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நெசவுக்காரன் மகனிடம் எதைச் சொன்னாலும் அதை மட்டும் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, அந்தத் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் பொசுக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தார். முடி கருகுகிற நாற்றம். அசல் பட்டு அப்படித்தான் நாறும். இதைக் கொண்டுபோய் உங்க சாருக்கு மோந்து காட்டு என்றார். நான் கொண்டுபோகவில்லை. கொஞ்ச நாள் அந்த வகுப்பில் என் பெயர் டூப்ளிகேட்.

பட்டு பொய்யில்லை, ஜரிகைதான் வேலையைக் கெடுத்தது என்று எம்.எஸ்சி. படிக்கும்போதுதான் தெரிந்தது. ஜரிகை உலோகம். பிரிந்த ஜரிகையின் மெல்லிய நுனிகள் கண்ணாடியில் சேர்ந்த மின்னூட்டத்தை வாங்கி என் கைவழியாகத் தரைக்கு அனுப்பிவிட்டன. பிளாஸ்டிக் தாள் செய்கிற ஆலைகளில் வேண்டாத மின்னூட்டத்தைக் கலைக்க இதேபோல உலோக இழைகளைத் தொங்கவிடுவார்களாம். நூலகத்தில் அதைப் படித்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், நூலகர் முறைத்தார். பட்டின் மின்னூட்டத்தைப் பற்றித்தான் ஆராய்வேன் என்று நான் முடிவு செய்தது அந்த மேசையில்தான்.

கடல்காற்றும் நானும்

முடிவு செய்வது சுலபம். செய்வதற்குச் சென்னையைத் தேர்ந்தெடுத்ததுதான் என் புத்திசாலித்தனம்.

பட்டு நூலில் ஏறிய மின்னூட்டம் எவ்வளவு நேரம் தங்கும், எப்படிக் கசியும் என்பதுதான் என் தலைப்பு. பட்டுப் புழு தன் இழைமேல் ஒரு பிசினைப் பூசித்தான் கூடு கட்டுகிறது. சாயம் போடுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அந்தப் பிசினை எடுத்துவிடுவார்கள். பிசினோடு இருக்கிற நூல் ஈரத்தை அதிகமாகக் குடிக்கும். ஈரம் இருந்தால் மின்னூட்டம் நிற்காது. பிசின் போன நூலில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். எவ்வளவு கூடுதல், ஏன் என்பதைத்தான் நான் அளக்க வேண்டும்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். காய்ந்த நாளில் இழைகள் ஒன்றையொன்று தள்ளிச் சிலுப்பிக்கொண்டு நிற்கும், நெய்ய பேஜார் பண்ணும், அது ஏன் என்று தெரியும் என்பேன். அதற்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதுமே என்பார்கள்.

சென்னையில் காற்றே பாதி தண்ணீர். கருவியைப் பொருத்தி, நூலைத் தொங்கவிட்டு, மின்னூட்டம் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது கரைந்துபோயிருக்கும். கோடையில் மேல்காற்று அடிக்கிற சில முற்பகல்களில் மட்டும் அறை நன்றாகக் காயும். அன்றைக்கெல்லாம் சாப்பிடாமல்கூட அளந்துகொண்டிருப்பேன். மத்தியானம் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். உலகம் முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் மேற்பார்வை பார்க்கிற கைடுக்குப் பயப்படுவார்கள், நான் கடலுக்குப் பயந்தேன். ஈரத்தை உறிஞ்சும் அடைத்த பெட்டி ஒன்றை வாங்க என் கைடு எழுதிப்போட்டு, அது வந்து சேர்ந்தபோது எனக்கு முன் தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

இடையில் உதவித்தொகை நின்றுபோனது. அதற்குப் பிறகு தனபால் அனுப்பியதைத் தின்றுதான் படித்தேன். இதை எழுதும்போதுகூட விரல் தயங்குகிறது.

தனபால் என்னைவிட மூன்று வயது சின்னவன். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டான். முதலில் தறியில் உட்கார்ந்தான், பிறகு சேலைகளை வாங்கி டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட ஆரம்பித்தான். பேச்சில் கெட்டிக்காரன். கடைக்காரர் வேண்டாம் என்று சொன்ன சேலையை அவர் மனைவிக்கே விற்றுவிட்டு வருவான். என் ஆராய்ச்சிக்கு வேண்டிய நூலையும் அவன்தான் அனுப்புவான், பிசினோடு ஒரு கட்டு, பிசின் எடுத்து ஒரு கட்டு. எப்போண்ணா முடியும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். காற்று காயட்டும் என்பேன்.

மூத்தவன் இருக்கும்போது

அவனுடைய கேள்வியில் அவசரம் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகாமல் அவனுக்கு ஆகாது. மூத்தவனை உட்கார வைத்துவிட்டு இளையவனுக்குச் செய்தால் ஊர் என்ன பேசும் என்று அப்பா ஒரே பிடியாக இருந்தார். எனக்கோ பெண் கொடுக்க ஆள் இல்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்பார்கள். ஆராய்ச்சி என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஓ, இன்னும் படிச்சிகினு இருக்காரா என்பார்கள். அத்தோடு பஜ்ஜியைத் தின்றுவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். தெருவில் என் பெயர் கரண்டு படிக்கிறவர். மிக்ஸி ஓடவில்லை என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அதையும் சரிசெய்யத் தெரியாது.

இந்த நிலையில் தனபால் பெரணமல்லூரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். அவள் அப்பா உரக்கடை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடைக்குச் சேலை போடப் போனவன், பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பெரணமல்லூர் வழியாகவே போனான். செய்யாறு போகக்கூட அதுதான் குறுக்கு வழி என்பான். அந்தப் பெண்ணுக்கும் இஷ்டம். உரக்கடைக்காரருக்கும் பையனைப் பிடித்திருந்தது. மூத்தவருக்குப் பட்டமும் வேலையும் ஆகட்டும், பெண் தானாக அமையும், அப்போது சின்னவருக்கு நிச்சயம் பண்ணி வைக்கலாம் என்று நிறுத்தி வைத்திருந்தார், அப்பாவும் அதற்குச் சம்மதித்திருந்தார். அவர் வீட்டில் அடுத்து ஒரு பெண் இருந்தாள், அவரும் எத்தனை நாள் பொறுப்பார்?

ஆக, என் பட்டத்துக்காகக் கைடைவிட, என்னைவிட, பெரணமல்லூரில் ஒரு வீடு அதிகமாகக் காத்திருந்தது. வேனிலிருந்து கடைசியாக இறங்கிய வெள்ளைச் சட்டைக்காரர் அந்த உரக்கடைக்காரர்தான். நேரிலேயே பார்த்துவிடுங்கள் என்று தனபால் அழைத்து வந்திருந்தான். அவரையும் மனதில் வைத்துத்தான் அத்தனை தட்டு, முடிந்த கையோடு நிச்சயம் பேசிவிடலாம் என்று.

அவையில் யாராவது

தேர்வாளர் தெற்கத்திப் பக்கத்துப் பேராசிரியர். சிரிக்காத மனுஷன். படியேறி வந்தவரைத் தனபால் மடக்கி, அந்தப் பட்டுத் தட்டை நீட்டிவிட்டான். அவர் முகம் மாறியது. முடிவு சொல்வதற்கு முன்னால் இதைத் தொட்டால் இந்தப் பையனுக்குத்தான் கெட்ட பெயர் என்றார். என் கைடு நடுவில் புகுந்து என்னென்னவோ சமாதானம் சொன்னார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். தனபால் மட்டும் அசரவில்லை. அப்போ முடிஞ்சதும் குடுக்கறோங்க சார் என்று தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தான்.

பேசத் தொடங்கினேன். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். முன் வரிசை முழுக்கப் பட்டு உடுத்திக்கொண்டு, மடியில் தட்டு வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நுண்ணோக்கியில் எடுத்த பட்டு இழையின் படம் திரையில் வந்தபோது, நம்ம நூலா அது என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தேர்வாளர் துளைத்தெடுத்தார். ஈரப்பதத்தை எப்படி நிலையாக வைத்தாய், இந்த அளவில் எவ்வளவு பிழை வரும், இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். அதுதான் பழக்கம். பிழை எவ்வளவு என்று சேர்த்துச் சொல்லாமல் ஒரு எண்ணைக்கூட எங்கள் துறையில் சொல்லக் கூடாது. அவர் முதல்முறையாகத் தலையாட்டினார்.

பப்ளிக் வைவாவில் கடைசியாக ஒரு சம்பிரதாயம் உண்டு. அவையில் யாராவது கேள்வி கேட்கலாம் என்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், எழுந்து சாப்பிடப் போய்விடுவோம். அன்று என் கைடு, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அதைத் தமிழில் சொல்லிவிட்டார்.

உரக்கடைக்காரர் எழுந்து நின்றார். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க பேசினது எனக்கு ஒண்ணும் புரியல, நல்லாத்தான் பேசினீங்க. கவர்மெண்டு காலேஜ்ல வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சின்னு உங்க தம்பி சொன்னாரு. எந்த ஊரு காலேஜ்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, இன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்."

எந்த ஆர்டரும் வரவில்லை. விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து பதில்கூட இல்லை. தனபாலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டர் வந்துடுச்சா, எங்கிட்ட சொல்லவேயில்லையே என்று கைடு மலர்ந்த முகத்தோடு திரும்பினார். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவேயில்லை. அத்தனை நேரம் பதில் சொல்லிப் பழகிய வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"இல்லைங்க. ஆர்டர் எதுவும் வரல. எனக்கு வேலை இல்லைங்க."

உரக்கடைக்காரர் சரிங்க தம்பி என்று உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் பெற்றவர்கள் முன்னால், என்னைப் படிக்க வைத்த தம்பி முன்னால், முடி கொட்டிய தலையோடு எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு நின்ற அந்த நிமிஷம்போல ஒரு வெட்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. டூப்ளிகேட் என்று சிரித்தபோதாவது, தவறு எங்கள்மேல் இல்லை என்று அப்பா நூலைப் பொசுக்கிக் காட்டினார். இப்போது எதைப் பொசுக்கிக் காட்டுவது?

பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று தேர்வாளர் எழுந்து அறிவித்தார். மாணவர்கள் கை தட்டினார்கள். தனபால் எழுந்து போய், சிரித்த முகத்தோடு, இரண்டு கையாலும் அங்கவஸ்திரத்தை அவருக்குப் போர்த்தினான். கடைக்காரர்களிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

மரத்தடியில்

உரக்கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. வேனில் ஏறவில்லை. சென்னையில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தார்.

தனபால் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் போனேன். ஏன்டா இப்படி ஒரு பொய் சொன்னாய் என்று கேட்கத்தான் போனேன். அவன் முந்திக்கொண்டான்.

"எதுக்குண்ணா அப்படி சொன்ன?"

கேட்டார், இருப்பதைச் சொன்னேன் என்றேன்.

"நான் உனக்கோசரம் எத்தினி பொய் சொல்லியிருக்கேன் தெரியுமா? அடுத்த வருஷம் முடிஞ்சிடும், அடுத்த வருஷம் முடிஞ்சிடும்னு ஊரெல்லாம் சொல்லிகினே இருந்தேன். அப்பாகிட்டயே சொன்னேன். எனக்காக நீ ஒண்ணே ஒண்ணு சொல்லக் கூடாதா?"

கைடு இருந்தார், தேர்வாளர் இருந்தார், அவர்கள் முன்னால் எப்படி என்று இழுத்தேன்.

"அவங்க முன்னாடி பொய் சொல்ல உனக்கு வெக்கம். அந்தாளு முன்னாடி நான் பொய்யனா உக்காந்திருந்தேனே, அது பரவாயில்லயா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உண்மையைச் சொன்னவன் நான், ஆனால் அந்த உண்மைக்கு என் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. போனதெல்லாம் அவனுடையது. உண்மை பேசுகிற சௌகரியம்கூட அவன் போட்ட சோற்றில் வந்ததுதான். இன்றுவரை, நான் செய்தது சரியா தவறா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்கவும் யாரும் இல்லை, அவனே அதைப் பிறகு பேசியதில்லை. பெரணமல்லூர்ப் பெண்ணுக்கு அந்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அப்பா பிடியைத் தளர்த்தி, தனபாலுக்கு முள்ளிப்பட்டில் பெண் அமைந்தது அதற்கப்புறம். எனக்கு வேலை கிடைத்தது அதற்கும் அப்புறம்.

பொழுது சாய, என்னையும் ஏற்றிக்கொண்டு வேன் ஆரணிக்குள் நுழைந்தது. வீட்டுக்குள் பெரிய பெட்டி நிறைய மைசூர்பாகு இருந்தது. தட்டு மாற்றிவிட்டு வந்ததும் தெருவுக்குக் கொடுக்க வேண்டும் என்று தனபால் சொல்லி வைத்திருந்தான். நெய் வாசனை வீடு முழுக்க அடித்தது. யாரும் அதைத் தொடவில்லை.

காலையில் அவன் அந்தப் பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டினான். என் அண்ணன் டாக்டர் ஆயிட்டாரு என்று சொல்லி வீடு வீடாகக் கொடுத்தான். எங்கள் தெரு முடிந்து அடுத்த தெரு, அப்புறம் சேவூர் வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினான். வியர்வை வழிய வந்தவனுக்கு அம்மா மோர் கொடுத்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்கு எங்கே வேலை என்று எல்லோரும் கேட்டார்களாம்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"திண்டிவனம் காலேஜ்னு சொல்லிட்டேன். உன்ன கேட்டாலும் அதையே சொல்லு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனேன். அப்பாவுக்கு நூல் கொடுக்கிறவர் எதிரில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப சந்தோஷம் என்றார். வேலை எந்த ஊரில் என்று கேட்டார்.

திண்டிவனம் என்றேன்.